பால் காய்ச்சியாச்சு, சுவர் காய்ஞ்சுதா?

தை பொறந்தா வழி பொறக்கும்பாங்க. எங்க கோபிசெட்டிபாளையத்துல தை பொறந்தா வழியோட சேத்து கிரகப்பிரவேசப் பத்திரிகையும் பொறக்கும். மார்கழி முழுக்க நல்ல காரியம் கிடையாது. அந்தத் தடை நீங்கின உடனே, வாய்க்கால் மடையைத் தொறந்து விட்ட மாதிரி, ஒரே முகூர்த்தத்துல மூணு வீடு நாலு வீடுன்னு பால் காய்ச்சறாங்க. ஒரே காலையில ரெண்டு மூணு எடத்துல டிபன் சாப்பிட்டு மூச்சு முட்டின அனுபவம் கொங்கு மக்கள் எல்லாருக்கும் இருக்கும் :-)

அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. உள்ள நுழைஞ்ச உடனே ஹோமப் புகையையும் தாண்டி பெயிண்ட் வாசம் அடிக்கும். சட்டையில ஒட்டிக்குமோன்னு யாரும் சுவத்துல சாய மாட்டாங்க. கதவு நிலைகிட்ட வந்தா சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் போவாங்க. "ஹால் கலர் சூப்பருங்க"ன்னு எல்லாரும் சொல்வாங்க. அதே வீட்டுக்கு அடுத்த ஐப்பசி மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்க. சோபாவுக்குப் பின்னாடி, பாத்ரூமை ஒட்டின சுவத்துல, ஜன்னலுக்குக் கீழ, அங்கங்க உப்பி, பொரிஞ்சு, வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். வீட்டுக்காரர் காலண்டரை எடுத்து அந்த எடத்துல மாட்டியிருப்பார்.

இந்தப் பதிவோட கட்சி ஒண்ணே ஒண்ணுதான். புது வீட்டுக்குப் பால் காய்ச்சற தேதியையும், உள்சுவத்துக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கற தேதியையும் முடிச்சுப் போடாதீங்க. ரெண்டும் வேற வேற சோலி. முதலாவதை ஜோசியர் முடிவு பண்ணட்டும். ரெண்டாவதைச் சுவர் முடிவு பண்ணட்டும்.

'பொட்டி தட்டறவனுக்கு இந்தப் பூச்சு வேலை எல்லாம் எதுக்கு'ன்னு நீங்க கேக்கறது புரியுது. நான் படிச்ச இஞ்சினியரிங்கும் சிவில் கிடையாது. எங்க வீட்டு வேலை ஒரு வருசமா நடக்குது. சரவணம்பட்டியில வாரம் அஞ்சு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி, சனி ஞாயிறு கோபியில கொத்தனார் பின்னாடின்னு பொழப்பு ஓடுது. அதுல கத்துக்கிட்டதையும், படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் எழுதறேன்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. கணக்குன்னா ஓடிப் போற ஆளுங்க ரெண்டு பத்தி தாண்டிக் குதிச்சுக்கலாம்.

உள்சுவத்துக்குச் சாதாரணமா அரை இஞ்ச், அதாவது 12 மி.மீ. கனத்துல பூச்சு. கலவை 1:5ன்னு வச்சுக்குவோம். 100 சதுர அடி பூசறதுக்குக் கிட்டத்தட்ட முக்கால் மூட்டை சிமென்ட் புடிக்கும். அதைக் குழைக்க 20 லிட்டர் தண்ணிக்குக் கொறையாம வேணும். சிமென்ட் கல்லா இறுகறதுக்கு, அதாவது வேதியியலா அது தன்னோட சேத்துக்கற தண்ணி, அதோட எடையில கால் பங்குக்கு மேல இல்ல. முக்கால் மூட்டைக்குக் கணக்குப் போட்டா 8, 9 லிட்டர்தான். மிச்சம் பத்து, பன்னெண்டு லிட்டர்? அது பூசறதுக்கு வசதியா இருக்கணும்னு நாம ஊத்தினது. அதுக்குச் சுவத்துக்குள்ள எந்த வேலையும் இல்ல. வெளியே போயாகணும்.

ஒரு 1200 சதுர அடி வீட்டுல கூரையும் சேத்து உள்பூச்சு சுலபமா 3500 சதுர அடி வரும். அப்படின்னா வெளியே போக வேண்டிய தண்ணி 400 லிட்டர். ரெண்டு பெரிய பேரல்! இது கலவையில ஊத்தின தண்ணி மட்டும்தான். பூசறதுக்கு முன்னாடி செங்கல் சுவத்தை நனைச்ச தண்ணி தனி. பூசி முடிச்சு ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் ஹோஸ் வச்சு அடிச்ச தண்ணி தனி. இத்தனையும் அந்தச் சுவத்தோட முகம் வழியா, துளித்துளியா, ஆவியாத்தான் போகணும். வேற வாசல் கிடையாது.

அந்த வாசல்லதான் நாம பட்டியைப் பூசி, பிரைமர் அடிச்சு, அது மேல ரெண்டு கோட்டு எமல்ஷனும் இழுத்துப் பூட்டு போடறோம்.

இங்க ஒரு சந்தேகம் வரும். 'நனைக்கணும்னும் சொல்றே, காயணும்னும் சொல்றே, எதுய்யா நெசம்?' ரெண்டும் நெசம்தான். ஆனா வரிசை முக்கியம். சிமென்ட் காய்ஞ்சு இறுகறதில்ல. தண்ணியோட வினைபுரிஞ்சு இறுகுது. அதனால முதல் 7 நாளாவது ஈரமா வச்சாத்தான் பூச்சு பலமா நிக்கும். நனைக்காம விட்டா மேல மண்ணாக் கொட்டும், கை வச்சுத் தேய்ச்சா உள்ளங்கையில மணல் வரும். நனைப்பு முடிஞ்ச பொறவுதான் காய்ச்சல் ஆரம்பம். நெல்லை வேக வச்சுட்டுக் களத்துல காய வைக்கற மாதிரி. வேகறதும் காயறதும் வேற வேற வேலை. நம்ம ஆளுங்க நனைப்பு முடிஞ்ச எட்டாவது நாளே பட்டிக்காரருக்கு போன் போட்டுடறாங்க.

பெயிண்ட் டப்பாக்கள்ல, கம்பெனிக்காரங்க கையேடுகள்ல புதுப் பூச்சுக்கு 28 நாள் விடணும்னு போட்டிருப்பாங்க. அது குறைஞ்சபட்சம். காத்தோட்டமும் வெயிலும் இருக்கற காலத்துக்கு. எங்க ஊர்ல நடக்கறது என்ன? ஆடியில ஆரம்பிக்க மாட்டோம், ஆவணியில சுவரைத் தூக்கி, ஐப்பசி கார்த்திகையில, சரியா வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, உள்பூச்சு பூசுவோம். அப்புறம் மார்கழி. காலையில எட்டு மணி வரைக்கும் பனி. ஜன்னல் கதவு எல்லாம் மாட்டிப் பூட்டு போட்டாச்சு, ஏன்னா உள்ள ஒயர் திருடு போயிடும்னு பயம். காத்தும் இல்ல, வெயிலும் இல்ல. வருசத்துலயே சுவர் காய்றதுக்கு லாயக்கில்லாத மாசம் எதுவோ அந்த மாசத்துல பெயிண்ட் அடிக்கறோம். தை முகூர்த்தம் துரத்துதே!

சாஃப்ட்வேர் மக்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, இது கிளையன்ட் கொடுத்த ரிலீஸ் தேதிக்காக டெஸ்டிங்கை விழுங்கற கதை. தேதிக்கு எல்லாம் பளபளன்னு இருக்கும். கேக் வெட்டுவாங்க. மூணு மாசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். ஒரே வித்தியாசம், நம்ம கோடுல ஓட்டையை அடைச்சா செலவு நம்ம தூக்கம்தான். சுவத்துல அடைச்சா செலவு லட்சக்கணக்குல போகும்.

சரி, ஈரம் உள்ள மாட்டினா என்னதான் ஆகும்? மூணு விதமா வெனை வரும்.

ஒண்ணு, உப்பு. சிமென்ட்டுலயும் செங்கல்லயும் மணல்லயும் கரையற உப்புகள் இருக்கு. தண்ணி வெளியே வரும்போது அதையும் தூக்கிக்கிட்டு வரும். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு அங்கயே நின்னு பூக்கும். வெறும் சுவத்துல பூத்தா காய்ஞ்ச பிரஷ் வச்சுத் தட்டி விட்டாப் போச்சு. பெயிண்ட்டுக்கு அடியில பூத்தா அது பெயிண்ட்டையே தூக்கி விடும்.

ரெண்டு, காரம். சிமென்ட் இறுகும்போது உள்ள சுண்ணாம்பு உண்டாகுது. புதுப் பூச்சோட கார அளவு பி.எச். கணக்குல 12, 13 வரைக்கும் இருக்கும். எண்ணெய்ப் பெயிண்ட், எனாமல் வகையறாவை ஈரமான காரச் சுவத்துல அடிச்சா, அதுல இருக்கற எண்ணெயும் காரமும் சேந்து சோப்பா மாறிடும். நெசமாவே சோப்புங்க. சோப்பு காய்ச்சறதும் இதே வினைதான். பெயிண்ட் பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வரும். எமல்ஷன் இந்த அளவுக்குக் கெடாது, ஆனா சில கலருங்க திட்டுத் திட்டா வெளுக்கும். காரம் தாங்கற பிரைமர் கடையில கிடைக்குது. அது காரத்துக்குத்தான் மருந்து. உள்ள இருக்கற தண்ணிக்கு மருந்து இல்ல.

மூணு, வெடிப்பு. புதுப் பூச்சு காயக் காயச் சுருங்கும். மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். இது தப்பு வேலைன்னு அர்த்தமில்ல, ஓரளவுக்கு இயல்பு. செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேர்ற கோட்டுல, கோழி வலை வச்சுப் பூசாம விட்டிருந்தா, கட்டாயம் விடும். ஒயருக்குக் காடி வெட்டி அடைச்ச எடத்துலயும் விடும். இதெல்லாம் முதல் கோடையில வெளிய வந்துடும். வந்த பொறவு வெடிப்பைக் கீறி அடைச்சு, அது மேல பட்டி பார்த்தா சுத்தம். முன்னாடியே பட்டி பார்த்துட்டா, பட்டியோட சேத்துப் பொளக்கும். இழைச்சு இழைச்சுக் கண்ணாடி மாதிரி பண்ணின ஹால் சுவத்துல ஆத்துப்படம் போட்ட மாதிரி இருக்கும்.

நம்ம ஊருக்குன்னே நாலாவது வெனை ஒண்ணு இருக்கு. கோபின்னா ஊரெல்லாம் பச்சைப் பசேல்னு வயல், சினிமா ஷூட்டிங்னு சொல்வாங்க. அந்தப் பச்சைக்குக் காரணம் கொடிவேரி அணையில இருந்து வர்ற தடப்பள்ளி வாய்க்கால். இப்ப அந்தப் பாசன வயல்லயே சைட்டு போட்டு வீடு கட்டறோம். மனைதான் வயலா இல்லியே தவிர, பக்கத்து வயல்ல தண்ணி நிக்குது, வாய்க்கால் ஓடுது. அஸ்திவாரத்துக்கு மேல, சுவர் ஆரம்பிக்கற எடத்துல ஓதம் ஏறாம ஒரு தடுப்பு அடுக்கு போடணும். காசு மிச்சம்னு அதை விட்டா, செங்கல் ஸ்ட்ரா வச்சு உறிஞ்சற மாதிரி கீழ இருந்து தண்ணியை உறிஞ்சும். தரையில இருந்து ரெண்டடி மூணடி உயரத்துக்கு அலை அலையாக் கறை தெரியும். இது காத்திருந்தா போற ஈரம் இல்ல. எத்தனை விலை பெயிண்ட்டும் இதை நிறுத்தாது. ஒரு மழைக்காலம் பெயிண்ட் அடிக்காம விட்டுப் பார்த்தா, இந்த ஓதம் இருக்கா இல்லையான்னு சுவரே காட்டிக் குடுத்துடும். பெயிண்ட் அடிச்சு மூடிட்டா ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். அப்ப கொத்தனாரைத் தேடினா அவர் திருப்பூர்ல எங்கயோ வேலையில இருப்பார்.

இந்தக் காத்திருக்கற வழக்கம் ஒண்ணும் புதுசில்ல. எங்க அப்பாரு காலத்து வீட்டுல சுண்ணாம்புதான். சுக்காங்கல்லைச் சுட்டு, நீத்து, ஊற வச்சு, கொஞ்சம் நீலம் போட்டு அடிப்பாங்க. வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிச்சு, வேப்பிலை ஆவாரம்பூ பூளைப்பூ சேத்துக் காப்புக் கட்டினாத்தான் வீட்டுக்குப் பொங்கல் வந்த மாதிரி. சுண்ணாம்பு மூச்சு விடற பூச்சு. உள்ள இருக்கற ஈரத்தைத் தடுக்காது, வழி விடும். காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்துக்கிட்டு மெதுவாக் கல்லா மாறும். செட்டிநாட்டு வீடுகள்ல முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துச் சுண்ணாம்பைப் பல அடுக்காப் பூசி, தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தியிருப்பாங்க. இன்னிக்கும் தொட்டா வழுவழுன்னு இருக்கு. அந்த வேலைக்கு முதல் மூலப்பொருள் பொறுமை. ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தர் முதல் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்கார். மூணு வருசத்துக்குக் கொறைவா வச்சிருந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாதுன்னு பழைய கட்டடச் சட்டங்கள்ல விதி இருந்துச்சாம். மூணு வருசம்! நாம முப்பது நாளுக்கு முனகறோம்.

இனி எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். எங்க வீட்டுலயே எதிர்க்கட்சி பலமா இருக்கறதால எனக்கு எல்லாமே அத்துபடி :-)

எங்க வீட்டுல கார்த்திகைக் கடைசியில பூச்சு முடிஞ்சுது. தையில முகூர்த்தம் குறிச்சாச்சு. பெயிண்ட் இப்ப வேண்டாம், வெறும் ஒயிட் சிமென்ட் அடிச்சுட்டுப் பால் காய்ச்சலாம்னு நான் சொன்னதும் அப்பா ஒரு நிமிசம் பேசல. அப்புறம் மெதுவா, "கண்ணு, முப்பது வருசம் வாடகை வீட்டுல இருந்தோம். ஊரே வந்து பார்க்கற அன்னைக்கு வீடு வெளுத்துப் போய் நிக்கோணுமா? பணம் பத்தலை போலிருக்குன்னு பேசுவாங்க"ன்னாரு. மாமா ஒருத்தர், "மாப்ள, உங்க ஐ.டி. சம்பளமெல்லாம் எங்க போகுது?"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு போடு போட்டாரு.

அப்பா சொன்னதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்ல. கணக்குப் போட்டு நாநூறு லிட்டர்னு சொன்னா ஆறுற வெசனமா அது? ஒரு மனுசன் ஆயுசுல ஒரே ஒரு தடவை கட்டற வீடு. அதை நாலு பேர் முன்னாடி முழுசா நிறுத்திக் காட்டணும்னு நினைக்கறதை வெட்டி கௌரவம்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. ஆனா அதே நாலு பேர் அடுத்த தீபாவளிக்கும் வருவாங்க. அப்ப உப்பின சுவத்தைப் பார்த்து, "என்னங்க, புது வீடு அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு"ன்னு கேக்கும்போது அவர் மனசு இன்னும் அதிகமா நோகும். வீடு பாதியில நிக்குதுன்னு ஒரு நாள் பேசுவாங்க. வீடு கட்டினது சரியில்லன்னு வருசக்கணக்குல பேசுவாங்க. இதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன். அம்மா குறுக்க வந்து, "வெள்ளையா இருந்தா மாவிலையும் வாழைமரமும் எடுப்பாத் தெரியும், வுடுங்க"ன்னு முடிச்சு வச்சாங்க. அப்பா தலையாட்டினாரு. முழு மனசோட ஆட்டினாருன்னு சொல்ல மாட்டேன்.

அடுத்த வாதம், குடி போன பொறவு பெயிண்ட் அடிக்கறது பெரிய தொந்தரவு. நெசம்தான், மறுக்கல. சாமானை நகர்த்தணும், தூசி பறக்கும், ஒரு வாரம் பத்து நாள் வீடு வீடா இருக்காது. அதுக்கு வழி, முதல் வருசம் சுவத்தோட ஒட்டின மர அலமாரி வேலைகளைத் தள்ளிப் போடறது, அப்புறம் ஒவ்வொரு ரூமா வேலையை முடிக்கறது. இந்தத் தொந்தரவு ஒரு தடவை. உப்பின சுவத்தைச் சுரண்டி, பட்டியை உரிச்சு, மறுபடி பூசறது இதே தொந்தரவு ரெண்டு மடங்கு, செலவோட.

மூணாவது வாதம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க தம்பி, நாங்க எத்தனை வீடு பண்ணியிருக்கோம்." இது பட்டிக்காரர் சொல்றது. அவரையும் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்குக் கூட ஃபோகஸ் லைட் போட்டுப் பட்டி தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜன்னல் எல்லாம் மூடி, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, உச்சந்தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளையா, புருவம் எல்லாம் நரைச்ச மாதிரி நிக்கறாங்க. "ஏனுங்ணா, இப்படி மூச்சு விட்டா என்னத்துக்கு ஆகும்?"னு கேட்டேன். "முகூர்த்தம் இருக்குதில்லீங் தம்பி"ன்னாரு. ஒயிட் சிமென்ட் பட்டியோட தூசி காரத் தூசி. கண்ணு, தொண்டை, நெஞ்சு எல்லாத்தையும் அரிக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லயே தமிழ்நாட்டுல வந்தாச்சு, பெயிண்டருங்களும் அதுல பதிஞ்சுக்கலாம். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மூடின ரூமுக்குள்ள எந்த வாரியமும் வராது. அவர் நெஞ்சுக்குள்ள போற தூசியைக் குறைக்கறது அவகாசமும், தொறந்த ஜன்னலும், நல்ல முகமூடியும்தான். மூணையும் குடுக்க வேண்டியது வீட்டுக்காரங்க, அதாவது நாம. அவசரத்தோட விலையை நம்ம சுவர் மட்டும் கட்டறதில்லங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே தேதியைத் தள்ளிப் போடலாம்னு நான் சொல்வேன்.

சரி, என்னதான் பண்ணலாம்?

பூச்சை ஒரு வாரம் நல்லா நனைங்க. அதுக்கப்புறம் ஜன்னலைத் தொறந்து விடுங்க. திருட்டு பயம் இருந்தா கிரில் மட்டும் மாட்டிக் கதவை அப்புறம் மாட்டுங்க. சீக்கிரம் காயட்டும்னு ஹீட்டர், லைட்டு வச்சு வாட்டாதீங்க. மேல்தோல் மட்டும் காய்ஞ்சு வெடிக்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு ஒயிட் சிமென்ட் அடிங்க. சுவத்தை லேசா நனைச்சுட்டு ரெண்டு கோட்டு. செலவு கொஞ்சம்தான், வீடு பளிச்சுனு இருக்கும், ஈரத்துக்கும் வழி விடும். பின்னாடி பட்டி பார்க்கப் போறீங்கன்னா சுண்ணாம்பை விட இதுதான் வசதி. சுண்ணாம்பு கையில ஒட்டற மாதிரி மாவா வரும், அது மேல பட்டி பிடிப்பா நிக்காது, முழுக்கச் சுரண்டணும். கதவு நிலை, கிரில் எல்லாத்துக்கும் பெயிண்ட் தாராளமா அடிச்சுக்கலாம். அதுங்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்ல.

ஒரு மழைக்காலம், ஒரு கோடை பாருங்க. ஓதம் எங்க, வெடிப்பு எங்க, மொட்டை மாடியில ஒழுகறது எங்கன்னு சுவத்துல பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. அதைச் சரி பண்ணிட்டு அடுத்த வறண்ட மாசங்கள்ல, எங்க பக்கம்னா மாசி பங்குனியில, பட்டியும் பெயிண்ட்டும். இதுல ஒரு வசதியைக் கவனிச்சீங்களா? பங்குனியில கிரகப்பிரவேசம் வைக்க மாட்டாங்க. பட்டிக்காரரும் சாவகாசமா, பகல்லயே வந்து வேலை பார்ப்பார்.

அத்தனை நாள் முடியாது, குறைஞ்சபட்சமாவது சொல்லுய்யான்னா ரெண்டு சோதனை இருக்கு.

பாலித்தீன் சோதனை: ஒன்றரை அடி சதுரமா தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் காத்துப் புகாம டேப் போட்டுச் சுவத்துல ஒட்டுங்க. சாயங்காலம் ஒட்டினா அடுத்த நாள் காலையில பத்து மணிக்கு மேல, அதாவது 16 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தாலோ, அந்த எடம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் தயாரில்ல. ஒரு எடத்துல பண்ணி முடிச்சுடாதீங்க. பாத்ரூம் பக்கம், ஜன்னலுக்குக் கீழ, தரையை ஒட்டி, வடக்குச் சுவர்னு நாலு எடத்துல பண்ணுங்க.

மஞ்சள் சோதனை: இது ஈரோடு மாவட்டத்துக்காரன் சொத்து. (ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, தெரியுமில்ல?) மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஏன் ஆரத்தி செவக்குது? காரம் பட்டா மஞ்சள் செவக்கும், அவ்வளவுதான். குழைச்ச மஞ்சளை ஒரு துணியில தொட்டு, கண்ணுல படாத மூலையில சுவத்துல ஒத்துங்க. ரத்தச் செவப்பா மாறினா மேல்தோல்ல காரம் இன்னும் காட்டமா இருக்குன்னு அர்த்தம். சுரண்டி உள்ள பார்க்காதீங்க, உள்ள வருசக்கணக்குல செவக்கும். மேல்தோல் அடங்கியிருக்கான்னுதான் பார்க்கணும்.

காத்திருக்கவே முடியாதுங்கறவங்களுக்கு ஜிப்சம் பூச்சு ஒண்ணு இருக்கு. ஹோஸ் புடிச்சு நனைக்கற வேலை இல்ல, சிமென்ட்டை விடச் சீக்கிரம் காயும், மேல வழுவழுன்னு இருக்கறதால பட்டி வேலையும் மிச்சம். ஆனா ஈரம் ஆகாது. பாத்ரூம், சமையல்கட்டு சிங்க் பக்கம், வெளிச்சுவர் எங்கயும் கூடாது. ஓதம் ஏறற வயல்காட்டு மனையில நான் யோசிப்பேன்.

கடைசியா ஒண்ணு. வீட்டுக் கடன் தவணையும் வீட்டு வாடகையும் ஒண்ணாக் கட்டறவங்க நெலமை எனக்குத் தெரியும். அவங்களைச் சீக்கிரம் குடி போகாதீங்கன்னு சொல்லல. நாளைக்கே குடி போங்க! பெயிண்ட் இல்லாத சுவர் ஒண்ணும் முழுமையடையாத சுவர் கிடையாது. அது இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கற சுவர். அதுக்குள்ள சமைக்கலாம், தூங்கலாம், ஒறம்பரையைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடலாம். அந்த ஒரு வருசத்துல எந்த ரூம்ல எப்ப வெயில் வருது, எந்தச் சுவர் இருட்டா இருக்குன்னு நமக்கும் புரிஞ்சுடும். கடையில இஞ்ச் அளவு அட்டையைப் பார்த்து முழு ஹாலுக்கும் கலர் எடுக்கறதை விட அது எவ்வளவோ மேல்.

உங்க ஊர்ல எப்படி? நாகர்கோவில், தஞ்சாவூர்ப் பக்கம் மழை காலமும் முகூர்த்தக் கணக்கும் வேற மாதிரி இருக்குமே. வீடு கட்டின அனுபவஸ்தர்கள், முக்கியமா பெயிண்ட் அடிக்காம குடி போன தைரியசாலிங்க, பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்ட ஆள் பலம் வேணும் :-)

பி.கு.: மஞ்சக் கறை சுலபத்துல போகாது. சோதனையை நடுஹால் சுவத்துல பண்ணிட்டு என் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பாதீங்க சாமிகளா!